தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள்

காரைக்குடியில் ஐந்து வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவதாகவும், இரண்டு வயதுத் தம்பி நோட்டைக் கிழிப்பதால் திங்கள்கிழமை போட்ட அட்டவணை புதன்கிழமையே கலைந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். சரி, அந்த அட்டவணையை விட்டுவிடுங்கள். அதற்காக மனசு உடைய வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பெரியவள் ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் 'அ' எழுதுவாள். சின்னவன் ஈரத்துணியோடு காத்திருந்து துடைப்பான். துடைத்ததும் அவள் மறுபடி எழுதுவாள். நோட்டில் மூன்று முறைக்கே முகம் சுளித்தவள், அவன் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே பத்துப் பன்னிரண்டு முறை எழுதினாள்! (ஈரத்தில் வழுக்கும், பக்கத்திலேயே உட்காருங்கள்.) வாரத்துக்கு இரண்டு உயிரெழுத்து போதும். பன்னிரண்டும் ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.

பென்சில் வேலையைத் தம்பி தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் போதும். பல்லாங்குழியும் அப்போதுதான். பதினான்கு குழியிலும் ஐந்தைந்தாகப் போட்டு எண்ணினால் எழுபது வரை வந்துவிடும். ஆனால் புளியங்கொட்டை சின்னவன் வாய்க்குப் போனால் ஆபத்து. எண்ணி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு மேலே வையுங்கள்.

அப்பத்தா வீட்டில் இருந்தால் மாலைக் கதையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்த அரை மணி நேரம் நீங்கள் காபி குடியுங்கள்.