சட்டமறுப்பு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பாப்பாரப்பட்டியில் விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போய்வந்த பிறகு நம் வாசகர் வட்டத்தில் சட்டமறுப்பு பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. வரலாறு நடத்தியவன் என்று என்னிடம் விட்டிருக்கிறீர்கள். சரி, தொடங்குவோம். அநியாயமான சட்டத்தையோ ஆட்சியையோ ஏற்க மறுத்து, வன்முறை இல்லாமல் வெளிப்படையாகச் சட்டத்தை மீறுவதுதான் சட்டமறுப்பு.

பென்னாகரம் நண்பர்: எங்கள் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் ரோடு இல்லையென்று கருப்புக்கொடி கட்டி, ஓட்டுப் போட மாட்டோம் என்றார்கள். இது சட்டமறுப்புதானே சார்?

இல்லை. ஓட்டுப் போடாமல் இருப்பது நம் நாட்டில் குற்றமில்லை. மீற அங்கே சட்டமே கிடையாது. அப்புறம், தாசில்தார் வந்து பேசட்டும் என்றுதானே கேட்கிறார்கள்? அரசை ஏற்றுக்கொண்டவர்தான் அதனிடம் ரோடு கேட்பார். அவர்கள் கோபம் நியாயமானது. நோயாளியைத் தொட்டில் கட்டி மலையிறக்கியவர்களுக்கு அது தெரியும். ஆனால் 'எங்களை ஆள உனக்கு உரிமையே இல்லை' என்பது வேறு பேச்சு. 1930 ஜனவரி 26-இல் ஊர் ஊராக எடுத்த சுதந்திர உறுதிமொழி அந்த வகை. இந்த ஆட்சிக்கு இனியும் அடங்கி நடப்பது மனிதருக்கும் கடவுளுக்கும் செய்யும் குற்றம் என்றது அது.

பாலக்கோடு மாணவி: ஐயா, வரி ஏய்ப்பவரும் சட்டத்தை மீறுகிறார், உப்பு அள்ளியவரும் மீறினார். என்ன வித்தியாசம்?

ஏய்ப்பவர் ஒளிவார். இவர்கள் சொல்லிவிட்டுச் செய்தார்கள், தண்டனைக்கும் தயாராகவே போனார்கள். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சேலத்தில் பெயர்போன வக்கீல். சட்டம் தெரிந்தே மீறியவர். 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். 30-ஆம் தேதி, வெள்ளையர் அரசின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளி ராஜாஜி கைதானார்.

பொட்டலம் கட்டியவர்கள் ஒளிந்துதானே செய்தார்கள் என்று கேட்பாய். ஆமாம் அம்மா. எல்லோராலும் சிறைக்குப் போக முடியாது. வீட்டில் குழந்தை இருக்கும், மாடு இருக்கும். ஆனால் கலெக்டர் உத்தரவை ஊரே காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அங்கே ஆள்வது யார்? எனக்கு நடந்தவர்களைவிட அந்தக் கைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஓசூர் தொழிலாளி: இந்தக் காலத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

மியான்மரில். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அடுத்த ஓரிரு நாளிலேயே அரசு மருத்துவர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள் சேர்ந்தார்கள். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு பாத்திரம் தட்டினார்கள். கரண்ட் பில்லைக் கூடக் கட்ட மறுத்தார்கள். பலர் உயிரையே கொடுத்தார்கள்.

தர்மபுரி நண்பர்: நமக்குப் பிடிக்காத கட்சி ஜெயித்தாலும் இப்படிச் செய்யலாமா?

கூடாது என்பதே என் கருத்து. 1949 நவம்பர் 25-இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதும் இதுதான்: சட்டவழி திறந்திருக்கும்போது சட்டமறுப்புக்கு நியாயம் கிடையாது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட சட்டம் அநியாயம் என்று அதை மட்டும் மீறித் தண்டனை ஏற்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆட்சியே செல்லாது என்று சொல்ல, தேர்தலில் தோற்றது போதாது.

பாப்பாரப்பட்டி தம்பி: சிவா எதை மீறினார்?

பேசினார், அவ்வளவுதான். 1908-இல் ராஜத்துரோக வழக்கு. சிறையிலிருந்து தொழுநோயோடு வந்தவரை ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். புண்பட்ட காலோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-இல் உங்கள் ஊரில்தான் உயிர் பிரிந்தது. வயது 40.