பாளையங்கோட்டையில் பார்த்த 2017 பலேனோ: ஆர்எஸ் தானா?

அண்ணாச்சி, நீங்க பார்த்த பழைய மாருதி பலேனோ, அதோட டர்போ பெட்ரோல் மாடலான ஆர்எஸ் தானான்னு கேட்டீங்க. பின்கதவில் ஆர்எஸ் எழுத்து, கறுப்பு அலாய், பம்பர் கிட் எல்லாம் கடையில் வாங்கி ஒட்டிக்கிடலாம். அதை வச்சு விலை பேசாதீங்க.

முதல்ல ஆர்சியில் (பதிவுச் சான்று) சிசி, அதாவது எஞ்சின் கொள்ளளவு பாருங்க. ஆர்எஸ்ஸுக்கு 998, சிலிண்டர் 3. 1197 இருந்தா சாதா பெட்ரோல், 1248 டீசல். ஆர்எஸ்ஸில் 5 கியர் மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக்னு சொன்னா அங்கேயே கிளம்பிருங்க.

அடுத்து பின்சக்கரம். அலாய் இடுக்கில் டார்ச் அடிங்க. பளபளன்னு பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்வின காலிப்பரும் (பிரேக் பிடிக்கிற கவ்வி) தெரியணும். சாதா பலேனோவில் அந்த இடத்தில் மூடின டிரம் பிரேக்தான். அந்தக் காசைச் செலவழிச்சு யாரும் போலி பண்ணமாட்டாங்க.

பானெட்டைத் திறந்து இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிறது) எண்ணுங்க: சிலிண்டருக்கு ஒண்ணா மூணு இருக்கணும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுற டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போற குழாய் இணைப்பில் எண்ணெய் ஒழுகியிருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க. லேசான ஈரம் சகஜம், சொட்டினா டர்போ சீல் போயிருக்கலாம்.

நாங்குநேரி நாலுவழிச் சாலையில் மூணாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற வேகம்) ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. 150 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க் தர்ற இழுவை முதுகில் தெரியணும், பின்னால் நீலப்புகை வரக்கூடாது.

காரின் உடம்பில் பொறிச்சிருக்கிற சேஸிஸ் எண்ணைத் தாள் வச்சுப் பென்சிலால் தேய்ச்செடுத்து ஆர்சியோட ஒப்பிட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்க.