கூடைப்பந்து லீக்: எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிப்பது?

கேள்வி: எட்டு அணிகளோடு ஆண்களுக்கான தொழில்முறை கூடைப்பந்து லீக் ஒன்றைத் தொடங்கும் ஏற்பாட்டில் இருக்கிறோம். அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள். தேசிய அணியில் ஆடுபவர்களும் இருப்பார்கள். அரங்குகள் எல்லாமே வாடகைக்கு எடுப்பவை. அமெரிக்காவின் என்பிஏ லீக் போல அக்டோபரில் தொடங்க வேண்டும் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். பள்ளி விடுமுறையில் நடத்தினால்தான் கூட்டம் வரும் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?

பதில்: உங்கள் அளவிலான லீக்குக்கு மார்ச் முதல் வாரத்தில் தொடங்கி ஜூன் 22, 23-க்குள் முடிப்பதுதான் நல்லது. அரங்குகளில் முழுமையான ஏசி வசதி இருக்க வேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. அது இல்லையென்றால் விடை மாறும். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் அக்டோபரைப் பார்ப்போம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே குளிர்காலத்தில் மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஒரு விளையாட்டு வேண்டும் என்பதற்காகத்தான். 1946-ல் என்பிஏ-வின் முன்னோடி லீக்கைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அரங்கு முதலாளிகள். ஐஸ் ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கு சும்மா கிடப்பது அவர்களுக்கு நஷ்டம். ஆக, அமெரிக்கக் குளிர்காலமும் அமெரிக்க அரங்குகளின் காலி இரவுகளும் சேர்ந்து அமைத்த நாட்காட்டி அது. உங்களிடம் இந்த இரண்டுமே இல்லை.

அக்டோபரில் தொடங்கினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. என்பிஏ, யூரோலீக், சீனாவின் சிபிஏ, ஜப்பானின் பி.லீக் எல்லாம் ஏறத்தாழ அதே பருவத்தில்தான் ஓடுகின்றன. வெளிநாட்டு வீரர்களுக்கான சந்தையில் உங்களைவிடப் பணக்காரர்கள் எல்லோரும் வாங்கி முடித்த பிறகு மிஞ்சியவர்கள்தான் உங்களுக்குக் கிடைப்பார்கள்.

அதனால்தான் சில லீக்குகள் வேண்டுமென்றே எதிர்ப்பருவத்தில் ஆடுகின்றன. நியூசிலாந்து லீக் ஆஸ்திரேலிய சீசன் முடிந்த பிறகு நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆடியவர்களில் பலர் நியூசிலாந்துக்கு வருகிறார்கள். போர்ட்டோ ரிக்கோவின் லீக் வசந்தத்தில் தொடங்கிக் கோடைவரை போகிறது. 2019-ல் தொடங்கிய கனடிய எலீட் லீக் கோடைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் என்பிஎல் குளிர்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. அங்கே குளிர்காலம் ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கும் ரக்பி லீக்குக்கும் உரியது. அவற்றோடு மோதிப் பயனில்லை என்று 1998-99-லிருந்து கோடைக்கு மாறினார்கள். இன்றுவரை அந்தப் பருவத்தில்தான் ஆடுகிறார்கள்.

பெண்கள் கூடைப்பந்திலும் இப்படி ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 1996 இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஏபிஎல் என்ற அமெரிக்க லீக் 1998 டிசம்பரில் நடு சீசனிலேயே மூடப்பட்டது. 1997 கோடையில் தொடங்கிய டபிள்யூஎன்பிஏ இன்றும் இருக்கிறது. இதற்குப் பருவம் மட்டுமே காரணம் என்று சொல்வது தவறு. டபிள்யூஎன்பிஏ-வுக்குப் பின்னால் என்பிஏ-வின் பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் இருந்தன. ஆனால் கோடையில் அரங்குகள் காலியாக இருந்ததும், போட்டி விளையாட்டுகள் குறைவாக இருந்ததும் அதற்கு உதவின.

இனி உங்கள் நாட்காட்டி. இதைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். தொடக்க நாளை முதலில் குறித்துவிட்டு இறுதிப்போட்டி எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் புதிய லீக்குகள் செய்யும் பெரிய தவறு. முதலில் நகர்த்த முடியாத நாட்களைக் குறியுங்கள். ஆண்கள் தகுதிச் சுற்றுகளுக்காக, சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா தேசிய அணிகளை அழைக்கும் இடைவெளிகளை ‘ஃபிபா விண்டோ’ என்பார்கள். இவை பொதுவாக நவம்பர் இறுதி, பிப்ரவரி இறுதி, ஜூன் இறுதி – ஜூலை தொடக்கம் என மூன்று இடங்களில் வரும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும் என்பதால் அந்தந்த ஆண்டின் அட்டவணையை வைத்தே குறியுங்கள். ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும் கூடைப்பந்து உலகக் கோப்பைக்கும் கண்டப் போட்டிகளுக்கும் போய்விடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை, ஆகஸ்டில் ஒலிம்பிக் வரும். அதற்காக 2024-ல் டபிள்யூஎன்பிஏ சீசனையே ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்த வேண்டியிருந்தது.

இவற்றை எல்லாம் குறித்த பிறகு மீதியைப் பாருங்கள். நவம்பர் விண்டோவுக்கும் பிப்ரவரி விண்டோவுக்கும் நடுவே சுமார் 12 வாரம். பிப்ரவரி விண்டோ முடிந்து ஜூன் இறுதி விண்டோ தொடங்கும்வரை 16 முதல் 17 வாரம். ஆண்டிலேயே தேசிய அணியின் குறுக்கீடு இல்லாத மிக நீண்ட இடைவெளி இதுதான். எட்டு அணி லீக் இதற்குள் அளவெடுத்துத் தைத்தது போல அடங்கும்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு தலா நான்கு முறை ஆடினால் அணிக்கு 28 ஆட்டம். சொந்த அரங்கில் 14, வெளியில் 14. லீக் மொத்தம் 112 ஆட்டம். வாரம் இரண்டு என்று போனால் 14 வாரம் ஆகும். முதல் நான்கு அணிகள் ஆடும் பிளே-ஆஃபையும் (அரையிறுதி, இறுதி) சேர்த்தால் இடம் போதாது. எனவே எட்டு வாரங்களில் இரண்டு ஆட்டம், நான்கு வாரங்களில் மூன்று ஆட்டம் என்று வையுங்கள். 12 வாரத்தில் முடியும். பிறகு ஒரு வாரம் காலி. அதன்பின் மூன்றில் இரண்டு வெல்லும் அரையிறுதிகள், ஐந்தில் மூன்று வெல்லும் இறுதி. இவை இரண்டுக்கும் சேர்த்து 19 நாள். மொத்தம் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தக் காலி வாரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விமானம் ரத்து, மின்தடை, கூரை ஒழுகல் என்று தள்ளிப்போன ஆட்டங்களை ஆடி முடிக்க வேறு இடம் கிடையாது. அது இல்லாத லீக்கில், தள்ளிப்போன ஓர் ஆட்டம் புள்ளிப் பட்டியலைத் தீர்மானிப்பதாக அமைந்துவிட்டால் பிளே-ஆஃபைத் தொடங்கவே முடியாது.

மூன்று ஆட்ட வாரங்களை அடுத்தடுத்து வைக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஆட்டம் வந்தால் இரண்டும் ஒரே ஊரில் இருக்கட்டும். நெருக்கி ஆடினால் என்ன ஆகும் என்பதை 2011-12 என்பிஏ சீசனில் பார்த்தோம். ஒப்பந்தத் தகராறால் டிசம்பர் 25-ல் தொடங்கி 66 ஆட்டங்களை ஏப்ரல் 26-க்குள் திணித்தார்கள். தொடர்ந்து மூன்று இரவு ஆடும் நிலை அணிகளுக்கு வந்தது. 2017-ல் என்பிஏ சீசனை ஒரு வாரத்துக்கும் மேல் முன்கூட்டியே தொடங்கியது, அடுத்தடுத்த நாள் ஆட்டங்களைக் குறைக்கத்தான்.

சீசன் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவே உள்ள ஓய்வும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2020-ல் என்பிஏ இறுதி அக்டோபர் 11-ல் முடிந்தது. அடுத்த சீசன் டிசம்பர் 22-ல், அதாவது 72 நாளில் தொடங்கியது. அந்தச் சீசனின் இறுதி 2021 ஜூலை 20-ல் முடிய, டோக்கியோ ஒலிம்பிக் 23-ல் தொடங்கியது. அமெரிக்க ஒலிம்பிக் அணியிலும் இருந்த புக்கர், மிடில்டன், ஹாலிடே மூவரும் இறுதிப்போட்டியை முடித்த கையோடு டோக்கியோவுக்குப் பறந்தார்கள். மார்ச் – ஜூன் நாட்காட்டியில் உங்கள் வீரர்களுக்கு ஏழு மாத இடைவெளி கிடைக்கும். வேறு நாட்டு லீக்கில் ஆட விரும்புகிறவர்களுக்கும் அதில் வழி உண்டு.

மார்ச்சில் தொடங்குவதிலும் சிக்கல்கள் உண்டு. தேசிய அணி வீரர்கள் விண்டோ முடிந்து உங்கள் முதல் ஆட்டத்துக்கு மூன்று, நான்கு நாள் முன்புதான் வந்து சேர்வார்கள். ஆகவே பயிற்சி முகாமை ஜனவரி இறுதியில், ஐந்து வாரத்துக்குத் திட்டமிடுங்கள். முதல் வாரத்து ஆட்டங்களை வார இறுதியை ஒட்டி வையுங்கள். வெளிநாட்டு வீரர்கள் விஷயத்தில், என்பிஏ-வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கின் வழக்கமான சுற்று மார்ச் இறுதியை ஒட்டித்தான் முடியும். நல்ல வீரர்கள் பலர் ஏப்ரலில்தான் விடுபடுவார்கள். எனவே மாற்று வீரரைப் பதிவு செய்யக் கடைசி நாளை ஏப்ரல் 20 என்று வைத்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மாற்றத்தை அனுமதியுங்கள். நாடு விட்டு நாடு வரும் வீரருக்கு ஃபிபா அனுமதிக் கடிதம் வேண்டும். அது கைக்கு வராமல் களமிறக்காதீர்கள். ஒப்பந்தத்தின் முடிவு நாளை ‘மே 31’ என்று எழுதிவிட்டு, அணி பிளே-ஆஃபுக்குப் போனதும் வீரர் கிளம்பிவிட, கையைப் பிசைந்து நிற்பதும் நடக்கிறது. ‘அணியின் கடைசி ஆட்டம் முடிந்து ஏழாம் நாள் வரை’ என்று எழுதுங்கள்.

இனி வெப்பம். இந்தப் பருவத்தின் உண்மையான ஆபத்து இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 4,000 பேர் என்றால் 400 கிலோவாட். அதை நீக்க மட்டுமே ஏறத்தாழ 114 டன் ஏசி திறன் வேண்டும். விளக்குகள், கூரை வழி இறங்கும் வெயில், வெளிக்காற்று எல்லாம் அதற்கு மேல். பயிற்சி நேரத்தில் காலி அரங்கில் போய் நின்று ‘நன்றாகக் குளிர்கிறதே’ என்று ஒப்பந்தம் போட்டால் ஏமாந்துபோவீர்கள். அரங்கு நிறைந்த ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது போய், அது தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துத் தளத்தருகே வெப்பநிலையை அளந்து பாருங்கள். 2014 ஜூன் 5 அன்று என்பிஏ இறுதியின் முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அரங்கின் ஏசி நின்றுபோய், உள்ளே சுமார் 32 டிகிரி செல்சியஸ் ஆனது. லெப்ரான் ஜேம்ஸ் தசைப்பிடிப்பால் ஆட்டத்தை முடிக்க முடியாமல் வெளியே போனார். ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டுமா, ஏசிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெப்பத்தைவிட மோசமானது தளம் வியர்ப்பது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அந்தக் காற்றிலிருந்து நீர் படியும். ஏசியால் தளம் 23 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் ரசிகர்களுக்காக எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் மரத்தின் மேல் உருவாகும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். முழங்கால் போவது இங்கேதான். 2012 நவம்பரில் போர்க்கப்பலின் மேல்தளத்தில் நடந்த ஃபுளோரிடா – ஜார்ஜ்டவுன் கல்லூரி ஆட்டத்தை இதே காரணத்தால் பாதியில் நிறுத்தினார்கள். அது திறந்த வெளி. இருந்தாலும் காரணம் ஒன்றுதான்.

இதற்குச் செய்ய வேண்டியது: முந்தைய இரவிலிருந்தே ஏசி ஓடட்டும். வாசல்களில் இரட்டைக் கதவு வேண்டும். இல்லையென்றால் இரண்டு வாசல்களை மட்டும் திறங்கள். மேப்பிள் மரத்தளத்துக்கு 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் ஏற்றது. மிகுந்தால் பலகை உப்பும், குறைந்தால் இடைவெளி விடும். வாடகை ஒப்பந்தங்களில் ஏசி பெரும்பாலும் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் போடப்படும். கூடுதல் மணி நேரங்களுக்கான கட்டணத்தை முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள்.

அரங்கு முன்பதிவில் பிளே-ஆஃப் நாட்களை மறந்துவிடுகிறார்கள். எந்த நான்கு அணிகள் வரும் என்று ஜனவரியில் தெரியாது. ஆகவே ஜூன் முதல் மூன்று வாரங்களின் ஆட்ட நாட்களுக்கு எட்டு அரங்குகளையும் பிடித்து வைத்து, வாய்ப்பிழந்த அணிகளின் அரங்குகளை மே நடுவிலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் பெறுங்கள். இதற்குச் சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுவது நல்லது.

விடுமுறைக் கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். விடுமுறையில் குடும்பங்கள் வரும் என்பது பாதி உண்மை. விடுமுறையில் ஊரைவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சீசன் முழுவதையும் விடுமுறைக்குள் அடைக்க முயல வேண்டாம். விடுமுறை வாரங்களில் மூன்று ஆட்ட வாரங்களை வையுங்கள். தேர்வு வாரங்களில் வார நாள் ஆட்டங்களைக் குறையுங்கள். மற்ற விளையாட்டுகளோடு மோதாமல் 16 வாரத்தையும் காப்பாற்ற முடியாது. தொடக்க நாளையும் இறுதித் தொடரையும் காப்பாற்றினால் போதும். ஜூனில் கால்பந்து உலகக் கோப்பை வரும் ஆண்டில் மட்டும் நேரடியாக மோதும். அந்த ஆண்டு அணிக்கு 21 ஆட்டமாகக் குறைத்து மே இறுதியிலேயே முடித்துவிடுங்கள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே நகரும். நோன்பிருக்கும் வீரர்கள் உள்ள அணிகளின் ஆட்டத்தை அந்த வாரங்களில் நோன்பு திறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

ஏசி இல்லாத அரங்குகள்தான் கிடைக்கின்றன, அல்லது உங்கள் வீரர்களில் பாதிப் பேர் ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு எழுதும் மாணவர்கள் என்றால், டிசம்பர் முதல் வாரத்துக்குப் போங்கள். வழக்கமான சுற்றின் 12 வாரங்களைப் பிப்ரவரி விண்டோவுக்கு முன் முடித்து, விண்டோ நாட்களையே காலி வாரமாக வைத்து, மார்ச்சில் பிளே-ஆஃப் நடத்தலாம். வெளிநாட்டு வீரர்களின் தரம் சற்றுக் குறையும்; முன்னணி நான்கு அணிகள் நல்ல ஃபார்மில் இருக்கும் நேரத்தில் ஆட்டம் பத்து நாள் நின்றுபோகும். குளிர் மிகுந்த ஊரில் பந்தையும் கவனியுங்கள்: 22 டிகிரி அறையில் 8 பிஎஸ்ஐ காற்று அடைத்த பந்து 7 டிகிரி அரங்குக்குப் போனால் 7-க்கும் கீழே இறங்கி மந்தமாக எழும்பும். காற்றை ஆட்டம் நடக்கும் அரங்கிலேயே சரிபாருங்கள். தென் அரைக்கோளத்தில் இருந்தால் வானிலை தலைகீழாகும். ஃபிபா விண்டோக்கள் மட்டும் அதே மாதங்களில்தான் வரும்.