வீட்டு சோலார்: உள்ளூர் நிறுவனமா, நாடு முழுக்க இயங்கும் பெரிய நிறுவனமா?

உள்ளூர் நிறுவனம் சுற்றுவட்டாரத்தில் மட்டும் வேலை எடுக்கும்; பெரியது நாடு முழுக்க. ஆனால் பேனல், இன்வெர்ட்டரை இருவருமே பெரும்பாலும் வெளியே வாங்கித்தான் மாட்டுகிறார்கள். அதனால் வித்தியாசம் பொருளில் குறைவு. வேலையிலும் பிறகு வரும் சர்வீஸிலும்தான் அதிகம்.

பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்குவதால் பொருள் மலிவு. சரி, ஆனால் விளம்பரச் செலவும் விற்பனை கமிஷனும் விலையில் ஏறிவிடும். கூரையில் ஏறுவதும் பல சமயம் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களே. பேனல் சட்டத்துக்குப் போட்ட துளையை ஒழுங்காக அடைக்காமல் மழையில் ஒழுகினால், யார் பொறுப்பு என்ற இழுபறி அங்கேதான் தொடங்கும். உள்ளூர்க்காரர் ஏணியோடு சீக்கிரம் வரக்கூடும். கடையையே மூடிவிட்டால்? அவரிடம் உள்ள ஆபத்து அதுதான்.

ரெடிமேட் சட்டைக்கும் தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். பக்கத்து மரத்தின் நிழல் எந்நேரம் எங்கே விழும் என்று நேரில் பார்த்துத் திட்டம் போடுபவரையே நான் தேர்ந்தெடுப்பேன், பெரியவரோ சிறியவரோ. வேலைக்கான வாரண்டியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், '25 வருட வாரண்டி' என்றால் எல்லாமே அதில் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது பொதுவாகப் பேனலின் மின் உற்பத்திக்குத் தயாரிப்பாளர் தருவது, கூரை ஒழுகலுக்கோ இன்வெர்ட்டர் பழுதுக்கோ அல்ல.