வெளியூரில் வளரும் பிள்ளைகளை இசை நம் பண்பாட்டோடு சேர்த்துவைக்குமா?

நிச்சயமாகச் சேர்த்துவைக்கும். ஆனால் உட்கார்ந்து கேட்கிற இசையைவிடக் கூடிப் பாடுகிற இசைதான் அதைச் செய்யும் என்பது என் அபிப்பிராயம். நான் இருப்பது மும்பையில், மாட்டுங்கா பக்கம். 1952-இல் தொடங்கிய சண்முகானந்தா சபா இங்கேதான் இருக்கிறது, அங்கே கச்சேரி கேட்கக் கிடைப்பது பாக்கியம்தான். ஆனாலும் என் பெண்ணைப் பிடித்து இழுத்தது, ராதைக்கும் கண்ணனுக்கும் பாட்டாலேயே கல்யாணம் நடத்திவைக்கும் ராதா கல்யாண பஜனை.

பஜனையில் முன்னால் நின்று நடத்துகிற பாகவதர் ஒரு வரி பாடுவார், சுற்றியிருக்கும் எல்லாரும் திருப்பிப் பாட வேண்டும். குரல் எப்படி, ராகம் தெரியுமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண், ஜால்ராவைக் கையில் வாங்கிக்கொண்டு ஜெயதேவர் அஷ்டபதி, நாராயண தீர்த்தர் தரங்கம் என்ற சமஸ்கிருதப் பாட்டுகள், பத்ராசலம் ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனை, புரந்தரதாசரின் கன்னடப் பாட்டு என்று வரிசையாகப் பின்பாட்டுப் பாடுகிறாள். எந்த இடத்தில் பாட்டின் வேகம் கூடும் என்பது அவள் கைக்குத் தெரியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அபங்கம் என்கிற மராத்திப் பக்திப் பாட்டு வந்த வழி. 1670-களில் தொடங்கி 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராட்டியர்கள். அந்தக் காலத்தில் அங்கே வந்து சேர்ந்த துக்காராம், நாமதேவர் ஆகிய மராத்தி அடியார்களின் அபங்கங்களைத் தமிழ் பாகவதர்கள் தங்கள் பஜனைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் சாகி, திண்டி போன்ற மராத்திப் பாட்டு வகைகளைத் தம் ஹரிகதையில், அதாவது பாட்டோடு கதை சொல்வதில், சேர்த்தார். அப்புறம் வேலை தேடி பம்பாய்க்கு வந்த நம்மவர்கள் அதே அபங்கத்தைத் தஞ்சாவூர் வழிப் பாணியோடு மராட்டிய மண்ணுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்! எங்கள் வீட்டு பஜனையில் கீழ்வீட்டு மராத்திப் பாட்டி வந்து உட்கார்ந்து, எங்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே கூடப் பாடுவார். அவர் பாடுகிற மெட்டு வேறு, வரி ஒன்றுதான். நான் எவ்வளவு சொல்லியிருந்தாலும் விளங்காத ஒரு விஷயம் என் பெண்ணுக்கு அங்கே தானாக விளங்கிவிட்டது: இது எங்கள் வீட்டுச் சொத்து மட்டும் இல்லை.

பண்பாடு என்றால் பஜனையும் கர்நாடக சங்கீதமும்தான் என்று சுருக்கிவிடவும் கூடாது. பக்கத்திலேயே தாராவி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் அங்கே நிறைய. பொங்கலன்று தெருவில் பானைகளை வைத்துக்கொண்டு நிற்கும்போது மேளம் ஒலித்தால், ஊரையே பார்க்காத பையன்களும் ஆட இறங்கிவிடுவார்கள். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதைக் குறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேருங்கள், நல்லதுதான். அதோடு நின்றுவிட்டால் பாட்டும் இன்னொரு பாடமாகிவிடும். உங்கள் குடும்பத்தில் எது வழக்கமோ, ராதா கல்யாணமோ மார்கழித் திருப்பாவையோ ஊர்க் கோயில் கொடை விழாவோ, அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பாகவதருக்கோ மேளக்காரருக்கோ பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்களும் கூடச் சேர்ந்து பாடுங்கள், அது ரொம்ப முக்கியம்.