கோழிக் கண்ணில் நூல்புழு: சிவப்பு குறைந்தும் கண் மங்குவது ஏன்?

கேள்வி: சிங்கப்பூரின் கிராஞ்சியில் காய்கறித் தோட்டத்தோடு 8 கம்போங் (நாட்டு) கோழிகள் வளர்க்கிறோம். இரண்டு கோழிகளுக்கு 2 வாரமாகக் கண்ணில் நீர் வடிகிறது, காலால் சொறிந்துகொண்டே இருக்கின்றன. இமைக்குள் வெள்ளை நூல் போல ஏதோ நெளிந்தது. வீட்டில் இருந்த ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்தைப் போட்டேன். 2 நாளில் சிவப்பு குறைந்தது. இப்போது ஒரு கோழிக்குக் கண் மங்கி, இமைக்குள் பனீர்த் துண்டு மாதிரி கட்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஸ்டீராய்டை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் பார்த்த நூல் பெரும்பாலும் ஆக்ஸிஸ்பைரூரா மான்சோனி என்ற கண்புழு. 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மூன்றாம் இமைக்கு, அதாவது கண்ணின் உள் மூலையிலிருந்து விரியும் மெல்லிய சவ்வுக்கு, அடியில் ஒளிந்துகொள்ளும்.

கண்ணைக் கெடுப்பதில் புழுவுக்குப் பாதிப் பங்குதான். புழு ஊர்ந்து உரசும்போது இமையின் உட்பரப்புச் செல்கள் காயப்பட்டு இன்டர்லியூக்கின் போன்ற அழைப்புப் புரதங்களை வெளிவிடும். அந்த அழைப்புக்கு முதலில் ஓடிவருபவை ஹெட்டரோஃபில் எனும் வெள்ளணுக்கள். கண்குழிக்குள் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பியும் கண்ணீர் வழியாக எதிர்ப்பொருள்களை அனுப்பும். புழு உள்ளே இருக்கும்வரை அழைப்பும் ஓயாது. வந்த அணுக்களின் நொதிகள் புழுவை விட்டுவிட்டுக் கருவிழியை அரிக்கத் தொடங்கும். ஸ்டீராய்டு இந்த அழைப்பை அடக்குவதால்தான் சிவப்பு மறைந்தது. புழு அங்கேயே இருந்தது. பாக்டீரியாவுக்கும் வழி திறந்தது. கருவிழிப் புண் ஆறுவதும் தாமதப்பட்டது.

அந்தப் பனீர்க் கட்டி சீழ்தான். கோழியின் ஹெட்டரோஃபில்களில் மயிலோபெராக்ஸிடேஸ் நொதி கிடையாது, அதனால் நம் உடலில் போல சீழ் நீராக உருகாமல் கெட்டியாகிவிடுகிறது. தானாக வடியட்டும் என்று காத்திருந்தால் வடியாது.

இருவராகச் செய்யுங்கள். ஒருவர் கோழியைத் துண்டில் சுற்றி, தலையை அசையாமல் பிடிக்கட்டும். மற்றவர் ஊசி கழற்றிய 10 மில்லிலிட்டர் சிரிஞ்சால், வெதுவெதுப்பான சலைன் எனும் உப்புநீரைக் கண்ணின் உள் மூலையிலிருந்து மூன்றாம் இமைக்கு அடியில் மெதுவாகப் பீய்ச்சட்டும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. தராசு இல்லையென்றால் மருந்துக்கடைச் சலைனே போதும். மிதந்து வரும் புழுவை நனைத்த பஞ்சுக்குச்சியால் எடுங்கள். இடுக்கியால் இழுக்காதீர்கள்: அறுந்து உள்ளே தங்கும் துண்டு, உயிருள்ள புழுவைவிட அதிகமாக வீங்க வைக்கும். கட்டியைச் சலைனில் சில நிமிடம் ஊறவிட்டுத் தள்ளிப் பாருங்கள், ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய நூல்கள் 5 சதவீதக் கிரெசால் சொட்டு விட்டு உடனே கழுவச் சொல்லும். புழு சாகும், உண்மைதான். கழுவ நொடி தாமதித்தால் கருவிழியும் வெந்துவிடும். கண்ணை மரக்கச் செய்து மருத்துவர் செய்யவேண்டிய வேலை அது. உள் மருந்தாக லெவாமிசோல் என்ற புழுக்கொல்லி, கிலோ எடைக்குச் சுமார் 20 மில்லிகிராம், 2 கிலோ கோழிக்கு 40 மில்லிகிராம். இதில் அளவு மிஞ்சினால் விஷம், ஆகவே எடை போட்டு, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தபின் கொடுங்கள். முட்டையை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். கண் மங்கிய கோழியை அவரிடம் கொண்டுபோயே ஆகவேண்டும். சாயச் சொட்டு விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டீராய்டு கலக்காத ஆன்டிபயாடிக் களிம்பு தருவார்.

புழு செத்தபின் முதல் நாள் வீக்கம் சற்றுக் கூடினால் பயப்படாதீர்கள். செத்த புழுவின் புரதங்கள் அதே அழைப்பைக் கிளப்பும். 48 முதல் 72 மணி நேரத்தில் தெளியத் தொடங்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கோழிகளுக்கு முகம் வீங்கினாலோ, திடீரென்று சாகத் தொடங்கினாலோ இது புழு விவகாரமல்ல. கோழிகளை நகர்த்தாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைக்குத் தகவல் கொடுங்கள்.

இனி மூலகாரணம்: சுரிநாம் கரப்பான். சமையலறையில் ஓடும் இனமல்ல. மண்ணுக்குள், ஈரமான மட்குக் குவியலில், பூந்தொட்டிக்கு அடியில் வாழ்வது. கோழி எச்சத்திலுள்ள புழு முட்டையை அது தின்னும், கோழி அதைத் தின்னும். தீனிப்பையில் வெளிப்படும் புழுக்குஞ்சுகள் உணவுக்குழாய் வழியே வாய்க்கு ஏறி, கண்ணீர்க் குழாயில் நுழைந்து சுமார் 20 நிமிடத்தில் கண்ணை எட்டிவிடும். காய்கறித் தோட்டமென்றால் மட்கு இல்லாமல் இருக்காது. அதைக் கூண்டிலிருந்து தள்ளி, சிமெண்ட் தரையில், கோழி ஏறாதபடி வலை போட்டு வையுங்கள். மைனாக்களும் இந்தப் புழுவைச் சுமக்கும், கூண்டுக்கும் வலை வேண்டும். பூச்சிமருந்து தெளித்துவிடாதீர்கள், செத்த கரப்பானைக் கோழிதான் முதலில் பொறுக்கும். இன்று எச்சத்தில் விழும் புழு முட்டை கரப்பானுக்குள் முற்றச் சுமார் 50 நாள் ஆகும்; அதனால் 8 கோழிகளின் கண்களையும் வாரம் ஒருமுறை, 3 மாதம் வரை இமை விலக்கிப் பாருங்கள்.