வெள்ளைத்தாள் உயில் செல்லுமா?

கேள்வி: அப்பா வெள்ளைத்தாளில் உயில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். ரிஜிஸ்தர் செய்யாததால் செல்லாது என்கிறான் தம்பி. சரியா?

பதில்: தப்பு. உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-வது பிரிவு கேட்பது அப்பாவின் கையெழுத்தும், அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த, அல்லது ‘இது நான் போட்டதுதான்’ என்று அவர் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையிலேயே போட்ட கையெழுத்தும்தான். சிக்கல் வழக்கு வரும்போதுதான்: சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும், அதனால் அப்பாவின் வயதுக்காரர்களையே சாட்சியாகப் பிடிப்பது (எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்) புத்திசாலித்தனமில்லை. தம்பி இப்போதே முறைக்கிறார் என்றால் பேசாமல் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், பூர்வீகச் சொத்தில் அப்பா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.